பங்கு விலை 612

காலை பத்து மணிக்கு ‘பாலாறு பந்தயம்’ பங்கின் விலை 9,140. பத்தரைக்கு 11,300.

ஜெர்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒருத்தன்கூட விக்க மாட்டேங்கறான், ஃபீபி!"

"விலை ஏறினா நல்லதுதானே?" என்றாள் மனைவி, மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடியபடி.

"நெஜப் பங்கா இருந்தா நல்லது. இது ஆழம் பார்க்கற பங்கு."

‘பாலாறு பந்தயம்’ சத்துவாச்சாரியில் ஜெர்சன் வீட்டு மாடியறையில் பிறந்த வீடியோ கேம். தோல் ஏற்றிய லாரியை வறண்ட ஆற்று மணலில் ஓட்ட வேண்டும். விலை நாற்பத்தொன்பது ரூபாய். முதல் வாரம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் மட்டும் விற்பனை. கேம்களை வெளியிடும் சென்னைக் கம்பெனியின் பாரதி மேடம் ஒரே நிபந்தனைதான் வைத்திருந்தார்: "அந்த வாரம் எத்தனை விக்கும்னு முன்னாடியே சொல்லுங்க. பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா தமிழ்நாடு முழுக்க நாங்க வெளியிடறோம். இல்லன்னா மறந்துடுங்க."

அதற்காகத்தான் ஜெர்சன் இணையத்தில் ஒரு பொய்ப் பங்குச் சந்தை கட்டினான். அதன் சூட்சுமம் எளிது. சேர்கிறவர்களுக்குக் கொஞ்சம் பங்கும் கொஞ்சம் புள்ளியும் இலவசம். நிஜக் காசு கிடையாது. வாரக் கடைசியில் கேம் எத்தனை விற்றதோ, ஒரு பங்குக்கு அத்தனை புள்ளி. ஐந்நூறு விற்கும் என்று நினைப்பவன் நானூறுக்குக் கிடைக்கும் பங்கை வாங்குவான். அறுநூறுக்கு யாராவது கேட்டால் விற்றுவிடுவான். இப்படி ஆளாளுக்கு இழுத்து, விலை கடைசியில் எங்கே நிற்கிறதோ அதுதான் கூட்டத்தின் கணிப்பு.

ஆனால் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் சர்ச் வாலிபர் சங்கத்தார். ஜெர்சன்மேல் இருந்த பாசத்தில் வாங்கித் தள்ளினார்கள்.

"என்னைப் பிடிக்காதவங்களும் வேணும்."

"எங்க ஜெஸ்டன் அண்ணன் இருக்காரே," என்றாள் ஃபீபி யோசிக்காமல்.

ஜெஸ்டன் சந்தோஷமாகச் சேர்ந்தார். ஆற்காட்டு தோஸ்துகள் நாற்பது பேரையும் சேர்த்துவிட்டார். சாயங்காலம் விலை 4.

"நாலா, மச்சான்?" என்று போனில் அலறினான் ஜெர்சன்.

"அதுவே ஜாஸ்தி மாப்ள. நீ ஒண்ணு, உங்கம்மா ஒண்ணு. மீதி ரெண்டை யார் வாங்குவான்?"

பாசமும் பகையும் இல்லாத கூட்டம் தேவைப்பட்டது. ஃபீபிக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை. அங்கே எண்ணூறு பேர். மேனேஜரிடம் அனுமதி வாங்கி, எல்லாரையும் சேர்த்துவிட்டாள்.

ஆனால் அங்கே போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். பகல் முழுக்கச் சந்தை செத்துக் கிடந்தது. ஐந்தரைக்கு எல்லாரும் வெளியே வந்து, விலை எவ்வளவு என்று தெரியாமல் ஒரே நேரத்தில் அமுக்க, அது 40க்கும் 3,000க்கும் நடுவே குதித்தது. சர்வர் படுத்துவிட்டது.

"ஷூ தைக்கற லைன் முன்னாடி வெள்ளை போர்டு இருக்குல்ல, அதுல விலைய எழுதி வெச்சுடு," என்றான் ஜெர்சன்.

"அது முனவ்வர் பேகம் அக்கா போர்டுங்க. ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி முடிக்கணும்னு எழுதறது."

"ஒரு ஓரமா எழுது."

எழுதினாள். தொழிலாளர்கள் உள்ளே யோசித்துவிட்டு வெளியே வந்து நிதானமாக வாங்கினார்கள், விற்றார்கள். 640. 590. 605. சனிக்கிழமை சந்தை மூடியபோது 612. ஜெர்சன் அந்த எண்ணை பாரதி மேடத்துக்கு அனுப்பினான்.

திங்கட்கிழமை கேம் விற்பனைக்கு வந்தது. வியாழன் வரை விற்றது 97. வெள்ளி இரவு 240.

ஜெஸ்டன் போன் செய்தார். "நாலுன்னு சொன்னது தப்புதான் மாப்ள. மன்னிச்சுக்க."

மறுநாள் காலை ஜெர்சன் மனைவியிடம், "612க்குப் பக்கத்துல, இதுவரைக்கும் 240ன்னும் எழுதிடு. பங்கு வெச்சிருக்கவங்க தெரிஞ்சுக்கட்டும்," என்றான். தோற்றாலும் கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை.

அன்று மாலை ஐந்தரைக்கு விற்பனை எண் அசைந்தது. 290. 415. 580. ஆறேகாலுக்கு 612. அங்கேயே நின்றது. ஞாயிறு முழுக்க ஒன்றுகூட நகரவில்லை.

"ஒண்ணுகூட கம்மி இல்ல, ஜாஸ்தி இல்ல!" என்றார் பாரதி மேடம். "இப்படி ஒரு கணிப்ப நான் பார்த்ததே இல்ல. ஒப்பந்தம் அனுப்பறேன்."

திங்களன்று ஜெர்சன் இரண்டு கிலோ மக்கன் பேடா இனிப்போடு ஆம்பூர் போனான். தேநீர் இடைவேளையில் லைன் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"தனி ஆளுக்குத் தெரியாதது கூட்டத்துக்குத் தெரியும். அதுதான் சந்தையோட அறிவு. நீங்க எல்லாரும் சேர்ந்து துல்லியமா கணிச்சிருக்கீங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த லைனின் சூப்பர்வைசராக இருக்கும் முனவ்வர் பேகம் ஒரு பேடாவை எடுத்துக்கொண்டார். அவர் முகத்திலும் பெருமை வழிந்தது.

"இன்னா கணிப்பு தம்பி? போர்டுல 612ன்னு போட்டு, 240தான் ஆச்சுன்னும் எழுதிட்டா, டார்கெட் முடிக்காம எங்க லைன் வூட்டுக்குப் போவுமா? கேட்டாண்ட போன் கைக்கு வந்ததும் ஆளுக்கு ஒண்ணு வாங்க வெச்சேன், ரெண்டு கம்மியாச்சு, எங்க மாமியார் போன்லயும் எங்க வூட்டுக்காரர் போன்லயும் அடிச்சு முடிச்சேன். அடுத்த வாட்டி நம்பர் கொஞ்சம் பெருசா போடுங்க!"