தோட்டா கிடைக்காத துப்பாக்கி

"சம்பந்தி, எலெக்சன்தான் முடிஞ்சி போச்சே. துப்பாக்கிய திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

வாலாஜாபாத்திலிருந்து பாண்டுரங்கன் போனில் இப்படிக் கேட்டபோது, தாண்டவராயன் ஒரகடம் தொழிற்சாலையில் தான் வேலை பார்க்கும் ஸ்டோர்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேள்வி என்னவோ நியாயமானதுதான். ஆனால் போலீஸ் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் இவர் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்க வேண்டுமென்றால் இவரிடம் துப்பாக்கி என்று ஒன்று இருந்திருக்க வேண்டும்.

"இந்த வாரம் வந்துடும்" என்று வாய் முந்திக்கொண்டது. அதோடாவது நின்றிருக்கலாம். "ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வாங்க. கையில எடுத்துப் பாருங்க. அப்டியே நிச்சயத்துக்கு நாளும் குறிச்சிடலாம்."

மறுமுனையில் இருமல் கேட்டது. பிறகு, "சரி சம்பந்தி, வரோம்" என்று பாண்டுரங்கன் அடக்கமாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

தாண்டவராயன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. துப்பாக்கி லைசென்ஸ் அவரிடம் உண்மையாகவே இருந்தது. சேரப்பணஞ்சேரியில் அவருடைய வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்ட காலத்தில், பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிய லைசென்ஸ். அது கைக்கு வந்தபோது கொல்லையை ஒரு கிடங்குக் கம்பெனிக்கு விற்றாகிவிட்டது. பன்றிகளும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன.

வினை வந்தது மகள் மஞ்சுளாவைப் பெண் பார்க்க வந்த அன்று. வந்தவர்கள் அரிசி மண்டிக்காரர்கள். மாப்பிள்ளை மோகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவன் அம்மா வாயே திறக்கவில்லை. பாண்டுரங்கன் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நம்மை வெறும் ஸ்டோர்ஸ் ஆள் என்று நினைத்துவிட்டார்களோ' என்று தாண்டவராயனுக்குச் சுருக்கென்றது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் அப்படி ஒப்படைக்கிறவர்கள் ரைஸ் மில் முதலாளி, பஞ்சாயத்து முன்னாள் தலைவர் என்று நாலு பெரிய மனிதர்கள்தான். ஆகவே தாண்டவராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எலெக்சன் வந்தாலே ரோதனைங்க. என் துப்பாக்கிகூட இப்ப ஸ்டேஷன்லதான் கீது" என்று எடுத்துவிட்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! பாண்டுரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீதிப் பஜ்ஜியைத் தின்றார். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு சார்" என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவு மரியாதையா என்று தாண்டவராயனே வியந்துபோனார்.

இப்போது அந்த மரியாதையை ஞாயிற்றுக்கிழமைக்குள் கையில் வைத்திருந்தாக வேண்டும்.

"இதுக்குப் போயி எதுக்கு அண்ணாச்சி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கிய?" என்றான் மாசானம். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஸ்டோர்ஸில் அவருக்குக் கீழே வேலை. "பென்னலூர்ல ஒரு பெரியவரு பழைய வேட்டைத் துப்பாக்கி விக்காராம். என் ரூம்மேட்டுதான் அவருக்குக் கார் ஓட்டுதான். ஷிப்ட் முடிஞ்சதும் போவோம், வாங்க."

பெரியவர் பெயர் நயினார். மலையில் தேயிலை எஸ்டேட் மேனேஜராக இருந்தவர். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகப் போகிறார், துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது. இரும்புப் பெட்டியைத் திறந்து, துணியை விலக்கி, அதை மேஜைமேல் வைத்தார்.

தாண்டவராயன் குனிந்து பார்த்தார். கருத்து மின்னும் குழல். எண்ணெய் ஊறிய மரக்கட்டையில் அழகான ரேகைகள். வெள்ளைக்காரன் காலத்து ரைபிள். கையில் வாங்கியதும் அவருக்கு இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டது போலிருந்தது.

"ஒரு குறை இருக்கு, மறைக்காம சொல்லிடறேன்" என்றார் நயினார். "இது த்ரீ ஒன் எய்ட்ங்கிற ரகம். அபூர்வம். நம்ம பக்கம் எந்தக் கடையில தோட்டா கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவாங்க. வேற தோட்டா இதுல போகாது."

"அப்ப இது சுடாதா?" என்றான் மாசானம் ஏமாற்றத்தோடு.

"தோட்டா இல்லாம எப்படிப்பா சுடும்?"

தாண்டவராயனுக்குப் பால் வார்த்ததுபோல் இருந்தது. தீபாவளிக்கு லட்சுமி வெடி வெடித்தாலே உள்ளறைக்குப் போய்விடுகிற மனிதர் அவர். இதைவிட நல்ல துப்பாக்கி அவருக்கு எங்கே கிடைக்கும்?

"நீங்க எதுக்கு வாங்குறீங்க?" என்று நயினார் கேட்டார்.

"காட்டுப்பன்னிங்க... கொல்லையில..."

"கொல்லை எங்க இருக்கு?"

"வித்துட்டேங்க."

"பன்னி?"

"அதுங்களும் போயிடுச்சிங்க."

நயினார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தாண்டவராயன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள கெடைக்குமாங்க?"

"கடை மூலமாத்தான் கைமாத்த முடியும். பர்மிஷன் எல்லாம் வர ஒரு மாசமாவது ஆகும்."

"அப்ப ஒரே ஒரு நாளைக்கி குடுங்களேன். சாயந்தரமே பத்திரமா கொணாந்து குடுத்துடறேன்."

"இது என்ன வாடகைப் பாத்திரமா?" நயினாரின் குரல் ஏறிவிட்டது. "நம்ம ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க!"

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏறி நின்ற நாளுக்குப் பிறகு தாண்டவராயனுக்கு இப்படிக் காது சிவந்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்து நயினாரே இரங்கினார். "வேணுமா வேணாமான்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா டீலர்கிட்ட ஒப்படைச்சிட்டு நான் கிளம்பிடுவேன். ஆசைக்கு வேணும்னா ஒரு போட்டோ எடுத்துக்குங்க."

மாசானம் எடுத்தான். "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் தூக்குங்க... நேரா என்னையப் பாருங்க... ஆங்!" துப்பாக்கியும் நேராக அவனைப் பார்த்தது. படத்தைத் தாண்டவராயன் அங்கிருந்தே சம்பந்திக்கு அனுப்பினார்.

உடனே போன் வந்தது.

"போட்டோ பாத்தேன் சம்பந்தி" என்றார் பாண்டுரங்கன். குரல் கம்மியிருந்தது. "நல்லா கீது."

"மாப்பிள்ளைக்குக் காட்டுனீங்களா?"

"காட்டினேன். அவனுக்குப் பேச்சே வரல."

"சந்தோசத்துல பேச்சு வராதுதான்."

"அப்புறம்... சீர்வரிசைன்னு ஒண்ணும் வேணாம் சம்பந்தி. நகைகூட உங்க இஷ்டம். நீங்க இன்னா சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம்."

தாண்டவராயன் போனை வைத்தபோது கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட சம்பந்தி யாருக்குக் கிடைப்பார்? வாங்கிவிடுவது என்று அப்போதே முக்கால்வாசி முடிவு செய்துவிட்டார்.

மீதிக் கால்வாசியை மாசானம் கெடுத்தான். பாசம் தாங்காமல் அந்தப் படத்தை ஷிப்ட் குரூப்பில் போட்டு, 'எங்க அண்ணாச்சி, எங்க கெத்து' என்று எழுதிவிட்டான். தாண்டவராயன் படத்தில் கம்பெனி சட்டையோடு இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் காலையில் எச்.ஆர். மேடம் செல்வலட்சுமி இரண்டு செக்யூரிட்டிகளோடு ஸ்டோர்ஸுக்கே வந்துவிட்டார்.

"லைன்ல வேலை பாக்குற பொண்ணுங்க பயப்படறாங்க சார். கன் எங்க? லாக்கர்லயா?"

லாக்கரைத் திறந்தார்கள். மோர்மிளகாய் டப்பாவும், முதுகு வலித் தைலமும், துவைக்காத துண்டும் வெளியே வந்தன. இரண்டு லைன் ஆட்களும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"மேடம், அது என் துப்பாக்கி இல்ல."

"லைசென்ஸ் இருக்குன்னு நீங்கதானே கேன்டீன்ல சொல்லியிருக்கீங்க?"

"லைசென்ஸ் கீது மேடம்."

"அப்ப கன்?"

"இல்ல."

"கன் இல்லாம லைசென்ஸை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றீங்க?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். தாண்டவராயன் மோர்மிளகாய் டப்பாவை எடுத்து மறுபடி லாக்கருக்குள் வைத்தார். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் அது நல்ல கெட்டியான சிமெண்ட் தரை.

வீட்டில் மனைவி சுந்தராம்பாள் பிடித்துக்கொண்டாள். "சுடாத துப்பாக்கிய வாங்கி இன்னா பண்ணப் போற? அதுல துணி காயப்போடறதா?"

"உனுக்குத் தெரியாது. அதுக்காகத்தான் அவுங்க பொண்ணு எடுக்குறாங்க. இல்லன்னு தெரிஞ்சா சம்பந்தமே கையவிட்டுப் பூடும்."

காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மஞ்சுளா தலை நிமிராமலே கேட்டாள். "துப்பாக்கிக்காகத்தான் என்னிய கட்டிக்கிறாங்கன்னா, அப்ப நான் எதுக்குப்பா?"

தாண்டவராயன் எழுந்து வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். தொழிற்சாலையில் பட்ட அவமானம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. பெற்ற பெண்ணைக் கொடுக்க ஒரு பழைய இரும்பைச் சிபாரிசுக்குப் பிடித்தோமே என்று அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாண்டுரங்கன் மனைவியோடும் மகனோடும் வந்தார். மூவரும் வாசலுக்குப் பக்கத்து நாற்காலிகளாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். மோகன் செருப்பைக் கழற்றவே யோசித்தான்.

"வந்துச்சா சம்பந்தி?" என்று பாண்டுரங்கன் கேட்டார். கண்கள் வீட்டு மூலைகளையெல்லாம் துழாவின. "உள்ளதான் கீதா?"

அந்த நேரம் பார்த்துத் தாண்டவராயனின் போன் அடித்தது. நயினார்.

"என்னங்க, முடிவு பண்ணிட்டீங்களா? டீலர் காத்துக்கிட்டிருக்கார்."

'வேணும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு மாதத்தில் பொய் உண்மையாகிவிடும். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. மஞ்சுளா காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்று அப்பாவையே பார்த்தாள்.

"வேணாங்கய்யா" என்று தாண்டவராயன் போனை வைத்தார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

"சம்பந்தி, என்னிய மன்னிச்சிடுங்க. என்னாண்ட துப்பாக்கியே இல்ல. எப்பவும் இருந்ததில்ல. பொண்ணு பாக்க வந்தப்ப கெத்துக்காகச் சொல்லிட்டேன்."

பாண்டுரங்கனுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. "அப்ப அந்த போட்டோ?"

"ஊரான் துப்பாக்கி. அதுக்குத் தோட்டாகூட எங்கயும் கெடைக்காது. என் புத்திய செருப்பால அடிக்கணும். என் பொய்ய வச்சி எம்பொண்ண எடை போட்டுடாதீங்க. அவ தங்கமான பொண்ணு."

"வூட்டுல வேற எங்கயாவது... அருவா, கத்தி?"

"வெங்காயம் அரியிறதுதாங்க கீது."

பாண்டுரங்கன் கண்ணை மூடி, வெகு நேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். மோகன் முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். 'மன்னித்துவிட்டார்கள்' என்று தாண்டவராயனுக்கு நெஞ்சு விம்மியது. அவமானத்தில் குனிந்திருந்த தலையை மெல்ல நிமிர்த்தினார்.

பெண் பார்க்க வந்த நாளிலிருந்து வாயே திறக்காத மாப்பிள்ளையின் அம்மா அப்போதுதான் கணவரின் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, அதான் துப்பாக்கி இல்லன்றாரே, இப்பவாச்சும் இந்தப் பொண்ணு நமக்கு வேணாம்னு தெகிரியமா சொல்லித் தொலைங்களேன்!"