ராய்ப்பூரிலிருந்து வந்த மீன் குழம்பு

மதிப்பும் அன்பும் நிறைந்த மறியக்குட்டி சேச்சிக்கு,

கைநகரியிலிருந்து உங்கள் தங்கை சோசம்மாவின் வீட்டுக்காரன் குருவிளா எழுதிக்கொள்வது. கர்த்தர் ஈசோவின் தயவால் இங்கே வெள்ளம் இன்னும் வாசற்படி ஏறவில்லை, கூரை ஒரே இடத்தில்தான் ஒழுகுகிறது, வாத்துகள் எல்லாம் சுகம். அங்கே பாலாயில் நீங்களும் மத்தாயிச் சேட்டனும் அவருடைய முழங்காலும் சுகமென்று நம்புகிறேன்.

காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற, கன்னியாஸ்திரீகள் நடத்தும் அந்த இல்லத்தில் சோசம்மாவைச் சேர்க்க எனக்குச் சம்மதம். ஞாயிறு பூசை முடிந்ததும் படகுத்துறைக்குக் கார் அனுப்பி வையுங்கள். இதை நேற்றே போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்கள் "ஹலோ" என்றதும் சம்பந்தமில்லாமல் பாலாயில் வாத்து முட்டை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

ஆனால் ஒரு முயற்சியும் செய்யாமல் குருவிளா கைகழுவிவிட்டான் என்று குடும்பத்தில் யாரும் பேசக்கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நீளம். மறதி வந்த புதிதில் அவள் விடியற்காலையில் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதும், நான் பின்னாலேயே ஓடி "இன்னைக்கு லீவு டீச்சர்" என்று கூட்டி வருவதும் உங்களுக்குத் தெரியும். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பிறகுதான் சாப்பாட்டை நிறுத்தினாள். சமையலுக்கு வருகிற லீலாம்மா எதை வைத்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு "இது எங்க வீட்டுச் சாப்பாடு இல்லை, நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கிறேன்" என்பாள். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள். டாக்டர், "அவங்களுக்குப் பழகின ருசி ஏதாவது ஒண்ணைக் கொண்டு வாங்க" என்றார். பழகின ருசி என்றால் அவளே வைக்கிற விரால் மீன் குழம்புதான். அதை வைக்கத் தெரிந்த ஒரே ஆளுக்கு அது மறந்துபோயிற்று. நானோ வாழ்நாள் முழுக்கப் படகு ஓட்டியவன். அடுப்பு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அப்போதுதான் அவள் போனுக்கு ஹிந்தியில் ஒரு செய்தி வந்தது. ஹிந்தி டீச்சராக இருந்து பென்ஷன் வாங்கின பிறகு அவள் ஓர் இணைய வகுப்பில் சேர்ந்திருந்தாளே, அது நினைவிருக்கும். அங்கே அவரவர் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இதய டாக்டர் மவுத்ஆர்கன் கற்பிப்பார், வக்கீல் காற்றாடி கட்டக் கற்பிப்பார். நம் சோசம்மா சனிக்கிழமைகளில் வடக்கத்திக்காரர்களுக்கு நம் மீன் குழம்பை ஹிந்தியிலேயே கற்பித்தாள். வந்த செய்தியை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மற்றதெல்லாம் போனாலும் ஹிந்தி மட்டும் போகவில்லை. தடங்கலில்லாமல் படித்தாள்: "மேடம்ஜி, உங்க மீன் குழம்பை என் மாமியாரே கேட்டு வாங்கிச் சாப்பிடுறாங்க. ஏன் இப்பல்லாம் வகுப்புக்கு வர்றதில்லை? ராய்ப்பூர் புஷ்பலதா சாஹு." படித்துவிட்டு, "யாரோ டீச்சருக்குப் போகவேண்டியது, நமக்கு வந்திருக்கு. திருப்பி அனுப்பிடுங்க" என்றாள்.

எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. பதில் எழுதச் சொல்லி அவளிடமே சொன்னேன்: "டீச்சருக்கு உடம்பு சரியில்லை. அந்தக் குழம்பை டீச்சரின் கணவருக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா?" ஒரு பிழையில்லாமல் எழுதி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து, "பாவம், அந்த டீச்சர்" என்றாள். சேச்சி, நான் வாத்துகளைப் பார்க்கப் போவதுபோல வெளியே போய்விட்டேன்.

அந்த வகுப்பின் சட்டப்படி, ஒன்றைப் படிக்க வேண்டுமானால் நாமும் ஒன்றைக் கற்பிக்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது படகைத் துறையில் இடிக்காமல் அணைப்பது. அதையே எழுதிக்கொடுத்தேன். வந்து சேர்ந்த ஒரே மாணவர் ராஜஸ்தான் பாலைவனத்து ஜாலம் சிங். அவருக்குப் பின்னால் மணலும் ஓர் ஒட்டகமும் தெரிந்தன. நீரோட்டத்தை எதிர்த்து வர வேண்டும் என்று அரும்பாடுபட்டு விளக்கினேன். கடைசியில் அவர் ஏதோ கேட்டார். சோசம்மா மொழிபெயர்த்தாள்: "எல்லாம் புரிஞ்சுதாம். தண்ணி எப்ப வரும்னு கேக்குறார்."

என் முதல் சமையல் வகுப்பின்போது சோசம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆகவே நானும் புஷ்பலதாவும் தனியாக மாட்டிக்கொண்டோம். அவள் "நமக், நமக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நமக்குத்தானே சமைக்கிறோம், அதற்கு ஏன் இத்தனை அழுத்தம் என்று தலையை ஆட்டினேன். அது உப்பாம். மிளகாய்த்தூள் கொட்டும்போது "பஸ், பஸ்" என்று கத்தினாள். அவள் வீட்டு வாசலில் பேருந்து வந்துவிட்டது போலிருக்கிறது, போனால் போகட்டும் என்று நான் கொட்டிக்கொண்டே இருந்தேன். போதும் என்று அர்த்தமாம். உப்பில்லாத அந்த நெருப்பை வாத்துகளும் தொடவில்லை.

அடுத்த வகுப்புக்குச் சோசம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். திரையில் இவளைக் கண்டதும் அந்தப் பெண் "மேடம்ஜி!" என்று கைகூப்பி அழ ஆரம்பித்துவிட்டாள். சோசம்மா என் பக்கம் குனிந்து, "இந்தப் பொண்ணு ஏன் அழுவுது? வெங்காயம் உரிக்கிறாளா? மீன் குழம்புக்குப் பெரிய வெங்காயம் எதுக்கு? இவகிட்டயா படிக்கிறீங்க?" என்றாள். பிறகு புஷ்பலதா சொல்லச் சொல்ல சோசம்மா மொழிபெயர்த்தாள். குடம்புளி வந்தபோது நிறுத்தினாள். "கொதிச்ச பிறகு புளி போடணுங்கிறா. தப்பு."

"அப்ப எப்பப் போடணும்?" என்று கேட்டேன்.

வாயைத் திறந்தாள். கை தானாக எழுந்து காற்றில் எதையோ கிள்ளியது. அப்படியே நின்றது. "எனக்கென்ன தெரியும்? நான் ஹிந்தி டீச்சர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். புஷ்பலதாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஒருவழியாக இந்த வியாழக்கிழமை குழம்பு குழம்பாக வந்தது. புளியைக் கொதிக்கும் முன்பே போட்டு, கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றித்தான் கலக்கினேன். கையில் இரண்டு கொப்புளம், பரவாயில்லை. மூடியைத் திறந்ததும் சோசம்மா அடுத்த அறையிலிருந்து தானாக எழுந்து வந்தாள். உட்கார்ந்தாள். சாப்பிட்டாள், சேச்சி. மறுபடியும் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள். நான் சட்டியோடு பக்கத்திலேயே நின்றேன். விரலைச் சூப்பியபடி நிமிர்ந்து பார்த்து, "சமையல்காரரே, நல்லாருக்கு. அந்த நடுத்துண்டை மட்டும் எடுத்து வச்சிடும். எங்க அச்சாயன் படகை விட்டுட்டு வந்து சாப்பிடுவாரு. பசியோட வருவாரு" என்றாள்.

அந்த அச்சாயன் நான்தான் என்று சொல்லாமல், சரி என்றேன். எடுத்து வைத்தேன். அவள் தூங்கின பிறகு அந்தத் துண்டை நானே சாப்பிட்டேன். சேச்சி, உப்பும் சரி, புளியும் சரி, அச்சு அசல் அவள் கை. ஆனால் உள்ளே இறங்கவில்லை. சாப்பாடு போடுகிறவனைத் தெரிகிறது, என்னைத் தெரியவில்லை என்றால் நான் இருந்தென்ன, இல்லத்துச் சிஸ்டர்கள் இருந்தென்ன? குழம்பின் பக்குவத்தை எழுதி, சிஸ்டர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளுடைய துணிமணிகளை மடித்து வைத்துவிட்டேன். இதுதான் என் முடிவு. இனி மாற்ற மாட்டேன்.

மத்தாயிச் சேட்டனுக்கு என் வணக்கம். அவர் முழங்காலுக்கு என் ஜெபம். மாதா எல்லாரையும் காப்பாளாக.

இப்படிக்கு,
பணிவுள்ள,
குருவிளா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது சோசம்மா வந்து நின்றாள். மடித்து வைத்த துணிகளைப் பார்த்துவிட்டாள். நான்தான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலையை விட்டுப் போயிடாதேயும். எங்க அச்சாயன் வர்ற வரைக்குமாவது இரும். எனக்குத் தனியா இருக்க பயமா இருக்கு" என்றாள். இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்ப வேண்டாம் சேச்சி. எனக்கு வேலை இருக்கிறது.