அறையில் இருந்தவர்கள்: இருவர்

அன்புள்ள அக்காவுக்கு,

அறையில் இரண்டே பேர்தான் என்றால், நான் மொழிபெயர்த்த மூன்றாவது ஆள் யார்? எனக்குத் தெரியவில்லை. நீயும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். நான் நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவுசெய். உன் பேய்க்கதைகளைக் கேட்டு முப்பது வருடம் சிரித்தவள் நான் என்பதை மட்டும் இப்போது நினைவுபடுத்தாதே.

என் வேலை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும், தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளிக்கும் நடுவில், வீட்டுப் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் மொழிபெயர்ப்பது. நோயாளி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும் என்பது விதி. அதனால் இன்று மத்தியானத்துக்குள் எனக்கு ஒரு பிரசவ வலியும் இரண்டு மூலமும் வந்து போயிருந்தன. காதில் விழுவது எதையும் விடக்கூடாது என்பதும் விதிதான். மூன்று மணிக்கு ஒரு பெரியவர். தலைவலி, வாந்தி. எங்காவது விழுந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. லேசா பித்தம். வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க.” டாக்டரும் மாத்திரை எழுதி அனுப்பத் தயாராகிவிட்டார். அப்போது என் காதுக்கு வெகு அருகில் ஒரு பெண் பேசினாள். “பொய் சொல்றார். முந்தாநாள் குளியலறையில விழுந்து பின்மண்டையில நல்ல அடி. மகனுக்குத் தெரிஞ்சா தனியா இருக்க விடமாட்டான்னு மறைக்கிறார். நான் இவர் சம்சாரம். அனுப்பாதீங்க.” வாக்கியங்களுக்கு நடுவே மூச்சு வாங்கும் சத்தமே இல்லை. பழக்கதோஷம், ‘நான் இவர் மனைவி’ உட்பட அத்தனையையும் டாக்டரிடம் ஒப்பித்துவிட்டேன். மனைவியா, இங்கே அவரும் நானும் மட்டும்தான் இருக்கிறோம் என்றார் டாக்டர். அதைத் தமிழில் சொன்னேன். “சம்சாரமா? அவ போய் ஆறு வருஷமாச்சேம்மா” என்றார் பெரியவர். பிறகு மெதுவாக, “என்ன சொன்னா?” என்றார். அதற்குள் டாக்டர் அவரை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

உட்கார்ந்து யோசித்தேன். அவர் நாக்கு குழறியதை என் காது கவனித்திருக்கும். தினமும் பத்துக் கிழவர்களைக் கேட்கும் மூளை மிச்சத்தை இட்டுக்கட்டியிருக்கும். குளியலறையில் விழாத கிழவர் உண்டா என்ன? ஆகவே, நானாகச் சேர்த்துச் சொன்னேன் என்று மேலாளருக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பிவிட்டேன். நோயாளி சொல்லாததைச் சொன்னால் வேலை போகும். போகட்டும். பேய் பிடித்தவள் என்பதைவிடப் பொய் சொன்னவள் என்பது மரியாதை.

அத்தானுக்கு வணக்கம். உன் முட்டிவலிக்கு நல்ல டாக்டராகப் பார். இதை யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

உன் தங்கை

பி.கு.: தபாலில் போடுவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மேலாளர் ஒலிப்பதிவைக் கேட்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. உங்களைத் தவிர மூன்று பேர் பேசுகிறார்கள், இதில் இட்டுக்கட்ட என்ன இருக்கிறது, மூன்றாம் நபரிடம் நீங்கள் முதலில் பெயர் கேட்கவில்லை, அது மட்டுமே தவறு என்று சொல்லி, மன்னிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். பதினொரு மணிக்கு அதே டாக்டர் அழைத்தார். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம், வெளியே எடுத்துவிட்டார்களாம். பெரியவர் பேசினார். “எனக்கு அவ குரல் கேக்கலம்மா. உங்களுக்குக் கேட்டுச்சாமே. எப்படி இருந்துச்சு?” விதிப்படி அதையும் மொழிபெயர்த்தேன். சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

“கோபமா இருந்துச்சுங்க” என்றேன்.

“அப்ப அவதான்” என்றார்.