பன்னிரண்டு நூல்கண்டும் ஒரு பின்னறையும்

கலர் சார் அன்று காலை பல் தேய்க்கும்போதே சபதம் எடுத்துவிட்டார். இந்த வாரத்துக்குள் பின்னறையைப் பிடித்தே தீருவது!

அவருக்குத் தொழில் வீட்டு ஹாலில். பழைய ஸ்லைடு படங்களை ஸ்கேனரில் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார். ஹாலிலோ ஆளுயர ஜன்னல். காலையில் மஞ்சள் வெயில், சாயங்காலம் சிவப்பு வெயில். ஒரே ரோஜா வேளைக்கொரு நிறம் காட்டும். மூவாயிரம் பூப்படம் வைத்திருக்கும் டீச்சரம்மா மாதிரிக்குப் பத்து ஸ்லைடு கொடுத்துப் பார்த்துவிட்டு, "சார், இது ரோஜாவா, கத்தரிக்காயா?" என்று கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரிப்படுத்தாவிட்டால் மூவாயிரமும் கைநழுவிவிடும்.

பின்னறை இருட்டு. தங்கமான இருட்டு. ஆனால் அங்கே அவர் மனைவி தையல் மிஷின் போட்டிருக்கிறாள். ஒரு மாசமாக "இந்த மாதிரி இருட்டு இந்த வீட்டுலயே கிடையாதுங்க" என்று பெருமை வேறு. நேராகக் கேட்டால் என்ன என்பீர்கள். பதினாலு வருஷத்தில் கலர் சார் நேராகக் கேட்டு வாங்கியது இரண்டே இரண்டு. ஒன்று திட்டு. இன்னொன்று, இன்னொரு திட்டு. அதனால் நூல் விட்டுப் பார்க்கலாம் என்று பின்னறைக்குப் போனார்.

"ஏம்மா, ஸ்கேனருக்கு ஒரு ப்ரொஃபைல் போடப்போறேன்."

"ஸ்கேனருக்குக் கல்யாணமா? பொண்ணு யாரு, பிரின்டரா?"

"அட, அது இல்லம்மா! ஒவ்வொரு ஸ்கேனரும் நிறத்தைக் கொஞ்சம் மாத்திப் பார்க்கும். இதோ என் கையில இருக்கற இந்த ஸ்லைடுல இருநூத்துச் சொச்சம் நிறக்கட்டம் இருக்கு. ஒவ்வொண்ணோட நிஜ நிறம் என்னன்னு செஞ்ச கம்பெனியே ஒரு ஃபைல்ல கொடுத்திருக்கு. ஸ்கேனர் பார்த்ததையும் அதையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு..."

"டேப்பு அரை இஞ்சு இழுத்துக்கிட்டதுன்னு தெரிஞ்சா, அதுக்குத் தக்கபடி வெட்டற மாதிரி. அவ்வளவுதானே?"

இது புரியக் கலர் சாருக்கு நாலு மாசமும் மூணு புத்தகமும் ஆகியிருந்தது.

"சரி, ஒரு பந்தயம்" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "உன் நூல்கண்டு பன்னிரண்டை ஸ்லைடுல படம் எடுத்து, என் ப்ரொஃபைல் வச்சு ஸ்கேன் பண்றேன். திரையில ஒரு நிறம் தப்பினாலும் நான் வாயே திறக்கமாட்டேன். எல்லாம் சரியா வந்தா, பின்னறை எனக்கு."

"நூல் விடறது என் தொழிலுங்க, உங்களுக்கு எதுக்கு? சரி, நான் எங்க போய்த் தைக்கிறது?"

"ஹால்ல."

"ஹால்ல எங்க? மூலையிலயா?"

"எதுக்கு மூலை? முழு ஹாலையும் எடுத்துக்கோ!" வள்ளல் கணக்காகக் கையை விரித்தார்.

"சாமான் எல்லாம் யாரு தூக்கறது?"

"நானே தூக்கி வைக்கிறேன்."

அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என்ன பண்றது, நீங்க சொன்னா சரிதான்" என்றாள். அந்த வீட்டில் இந்த வாக்கியம் அதுவரை ஒலித்ததே இல்லை. கலர் சார் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனுஷர் பூரித்துப் போனார்!

அவள் பொறுக்கிக் கொடுத்த பன்னிரண்டில் ஏழு பச்சை. படம் எடுத்தார், கழுவி வாங்கினார், ஜன்னலுக்குப் போர்வை கட்டினார், ப்ரொஃபைல் போட்டார். ஏழு பச்சையும் காய்ச்சலில் கிடந்தன. மறுபடி போட்டார். மறுபடியும் காய்ச்சல். வியாழக்கிழமை தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பச்சையெல்லாம் துருப்பிடிச்சிருக்கு?"

"ஃபிலிம் கழுவினவன் சொதப்பிட்டான்."

"ரீல் விடாதீங்க. அந்தக் கட்டம் போட்ட ஸ்லைடைக் கொடுங்க." வாங்கிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். "இதோட ஓரத்துல ஒரு நம்பர் இருக்கு. நீங்க திறந்து வச்சிருக்கற ஃபைல்ல வேற நம்பர் இருக்கே?"

"அது பேட்ச் நம்பர், எந்தத் தடவை செஞ்சதுன்னு. ஒரே கம்பெனி, ஒரே கட்டம். என்ன பெரிய வித்தியாசம்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! ஒரே கம்பெனி, ஒரே பச்சை நூல்தான். சாயத்தொட்டி வேறன்னா ரெண்டையும் ஒரே சட்டையில போடமாட்டேன். காலர் ஒரு பச்சை, கை ஒரு பச்சைன்னு காட்டிக்கொடுத்துடும். நம்பர் பார்த்துத்தான் கண்டே வாங்குவேன். நீங்க ஒரு தொட்டிச் சாயத்துக்கு இன்னொரு தொட்டி ஃபைலைப் போட்டிருக்கீங்க!"

கலர் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கீறல் விழுந்ததால் போன வருஷம் தூக்கிப்போட்ட பழைய ஸ்லைடின் ஃபைல்! சரியான ஃபைலை வைத்துப் புதிதாகப் போட்டார். பச்சை ஏழும் எழுந்து உட்கார்ந்தன.

அவள் ஒவ்வொரு கண்டையும் விளக்கடியில் பிடித்துத் திரையோடு ஒப்பிட்டாள். சாருக்கு ஒன்றாகவே தெரிந்த இரண்டு பச்சையைத் தனித்தனியாகக் காட்டி, "இதைக்கூடப் பிரிச்சுக் காட்டுதே! உங்களைவிட உங்க மிஷினுக்குக் கண் நல்லா இருக்குங்க" என்றாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் சரி.

"தோத்துட்டேங்க."

கலர் சார் யோசித்துப் பார்த்தார். தப்பைக் கண்டுபிடிக்காமல் சும்மா இருந்திருந்தால் பந்தயம் அவளுக்கு! தன் அறை போனாலும் புருஷன் வேலை கெடக்கூடாது என்று நினைத்தாளே. என்ன கண், என்ன மூளை, என்ன மனசு! இப்பேர்ப்பட்டவளையா ஏமாற்றினோம் என்று வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தில் வெள்ளிக்கிழமை காலை தன் சாமானை உள்ளே தூக்கினார், அவள் சாமானை வெளியே தூக்கினார். மிஷின், அலமாரி, துணி மூட்டை எல்லாம். கேட்காமலே ஜன்னல் கண்ணாடியை வேறு துடைத்துக் கொடுத்தார். மதியம் டீச்சரம்மா வந்து, மறுபடி ஸ்கேன் பண்ணிய பத்துப் படத்தையும் பார்த்தார். "சார், ரோஜா ரோஜாவாவே இருக்கு!" என்று மூவாயிரத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். கலர் சார் இருட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

சாயங்காலம் வாசல் மணி அடித்தது. தச்சரும் இரண்டு ஆட்களும் எட்டடி நீளத்தில் துணி வெட்டும் மேஜை ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றார்கள்.

"வீடு மாறி வந்துட்டீங்க. நாங்க மேஜை எதுவும் சொல்லலையே?"

"இந்த வீடுதான் சார். ஹால் ஜன்னலோரம் போடறதுக்குன்னு அம்மா போன மாசமே அளவு கொடுத்தாங்க. 'சார் தானாவே ஹாலைக் காலி பண்ணிக் கொடுப்பாரு, அப்புறம் கொண்டாங்க'ன்னாங்க."