அடுத்த மரத்துக் குளிர்ச்சி

காலை பத்து மணிக்கே உதோமின் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும் என்றாகிவிட்டது. அதில் அவனுக்கு வருத்தமில்லை. தாய்லாந்தின் சந்தபுரியில், இந்தச் சித்திரை வெயிலில், துரியான் மரமேறுகிறவன் சட்டை நனையாமல் இறங்க முடியாது. அவன் வயிற்றை எரித்தது அடுத்த மரம். அங்கே ஏறியிருந்த தனினின் நீலச் சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அதைவிடப் பெரிய எரிச்சல் அந்த மரத்தடியில் நின்றது. முள்ளும் கனமுமான துரியான் பழத்தைப் பறிப்பது இரண்டு பேர் வேலை. மேலே இருப்பவர் காம்பை அறுத்து விடுவார்; கீழே இருப்பவர் பழம் மண்ணில் விழாமல் சாக்கில் ஏந்திக்கொள்வார். பன்னிரண்டு வருஷமாக உதோம் மேலே, அவன் மனைவி லாமாய் கீழே. நான்கு நாளைக்கு முன்பு தனினுடைய கூட்டாளிக்கு மணிக்கட்டு பிசகிவிட, தோட்டத்து முதலாளியம்மா லாமாயை அந்த மரத்துக்கு மாற்றிவிட்டாள். உதோமுக்குக் கிடைத்தவன் நின்றுகொண்டே தூங்கக்கூடிய ஒரு ஆள்.

மாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். லாமாய் அங்கே பேசினாள். காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு வேளை வரை வாய் ஓயாது. என்ன பேசுகிறாள் என்று உதோம் கிளையில் படுத்தபடி காதைத் தீட்டிக் கேட்டான். தங்கை வீட்டுச் சண்டை, சந்தையில் பார்த்த பச்சைப் பாவாடை, வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டது. நாய் குட்டி போட்ட விஷயமே உதோமுக்கு அப்போதுதான் தெரியும். தன் மரத்தடியில் இத்தனை வருஷத்தில் அவள் பேசியதை ஒரு பீடி இழுத்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம்.

முதலாளியம்மா வேறு வந்து நிமிர்ந்து பார்த்தாள். தனின் வேலை செய்கிற நிதானத்தைப் பார், உடம்பு எப்படிக் குளுகுளுவென்று வைத்திருக்கிறான் பார் என்று உதோமிடமே சொல்லிவிட்டுப் போனாள்.

காரணம் உதோமுக்குப் புரிந்துவிட்டது. எந்தப் பெண்தான் வியர்வை நாற்றத்துக்குக் கீழே நின்று பேசுவாள்? தானும் குளிர்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

முதலில் தலைத்துண்டை வாய்க்கால் தண்ணீரில் முக்கி அப்படியே கட்டிக்கொண்டு ஏறினான். தண்ணீர் புருவம் வழியாக இறங்கிக் கண்ணை மறைத்தது. தடவித் தடவி அறுத்ததில், பழுக்க இன்னும் பத்து நாள் இருந்த காய் ஒன்று போய்விட்டது. தூங்குமூஞ்சியும் அதைப் பிடிக்கவில்லை.

அடுத்தது பவுடர். சமையல்கார பூன்மா அக்காவிடம் வேர்க்குருவுக்குப் போடும் குளிர்ச்சிப் பவுடர் ஒரு டப்பா இருந்தது. அதை முழுதாக உடம்பில் கொட்டிக்கொண்டான். மூன்று கிளை ஏறும்வரை சொர்க்கம். அதன்பின் வேர்வையும் பவுடரும் குழைந்து, தலை முதல் இடுப்புவரை வெள்ளையடித்த சுவர்போல ஆனான். கண்ணிமையில் பட்ட இடமெல்லாம் காந்தியது. அடுத்த மரத்தடியில் லாமாய் சிரித்தாள். நாய்க் கதைக்காகத்தான் சிரித்தாள். உதோமுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவே பட்டது.

இனி ஐஸ்தான் என்று இறங்கினான். சமையல் கொட்டகையில் பூன்மா அக்கா இல்லாத சமயம் பார்த்து, சீவிய ஐஸ் இருந்த தொட்டியிலிருந்து ஒரு பை நிறைய அள்ளி, சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டான். மத்தியானத்துக்காக அந்த ஐஸில் அவள் சிவப்புச் சர்பத்தை ஊற்றி வைத்திருந்ததை அவசரத்தில் கவனிக்கவில்லை.

உச்சிக் கிளையில் பை கிழிந்தது. சர்பத் வயிற்றில் இறங்கி, தொடை வழியே கால்வரை ஓடியது. துரியான் மரத்துச் செவ்வெறும்புகளுக்குச் செய்தி போக அதிக நேரமாகவில்லை.

உதோம் இறங்கியதைப் பிறகு யாரும் இறங்கியதாகச் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்தபடி வழுக்கி, கடைசி இரண்டு ஆள் உயரத்தைச் சறுக்கியே கடந்து, சாக்குக் குவியலில் விழுந்தான். வெள்ளை முகம், சிவப்பு வயிறு. அதைப் பார்த்துத் தூங்குமூஞ்சி முதல்முறையாக ஓடினான். லாமாய் ரத்தம் என்று நினைத்துக் கையிலிருந்த சாக்கைப் போட்டுவிட்டு வந்து விழுந்தாள்.

கொட்டகை நிழலில் அவனைக் கிடத்தி, ஒவ்வொரு எறும்பாகப் பிய்த்தெடுத்தாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்திருந்தாலும் நான்கு நாளில் உதோமுக்கு இவ்வளவு நிம்மதி வந்ததில்லை. அவள் எழுந்திருக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க போற?"

"அந்த மரத்துல வேலை பாதியில நிக்குதுங்க."

"நிக்கட்டும். பன்னெண்டு வருஷமா என் மரத்தடியில நின்னியே, என்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படிப் பேசியிருக்கியா?"

லாமாய் அவனை வினோதமாகப் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்குங்க பேச்சு?"

அது உதோமுக்கு எறும்புக்கடியைவிடச் சுருக்கென்றது. பிடியை இறுக்கினான். அப்போது அடுத்த மரத்து உச்சியிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அக்கா... ஏன் பேச்சையே காணோம்? இருக்கீங்களா?"

உதோம் எழுந்து உட்கார்ந்தான். கண் சிவந்தது. இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடுகிறேன் என்று அவன் கத்தியைத் தேடும்போது, காலித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த பூன்மா அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"அவ கைய விடுப்பா. அந்தத் தம்பிக்கு உசரம்னா உசுரே போயிடும், பயத்துலதான் உடம்பு ஜில்லுனு கெடக்கு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிறான், இவ கீழேருந்து பேச்சு குடுத்தாத்தான் அடுத்த கிளையில காலே வைப்பான்."