யதுர்ஷனுக்குக் காய்ச்சலா, இல்லையா?

செட்டிபாளையம்,
வியாழக்கிழமை, காலை 6.20

இரண்டாம் தர வகுப்பாசிரியர் பிரஷாந்தி ரீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் சுகமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். முப்பது என்று எழுதுவதா, முப்பத்தொன்று என்று எழுதுவதா என்பதில்தான் சிக்கல். அந்த முப்பத்தோராவது பிள்ளை என் தம்பி யதுர்ஷன். நான் அவனுடைய அக்கா தனுஷியா, நம் பாடசாலையிலேயே பத்தாம் தரம். விடுமுறைக் கடிதத்தைத் தகப்பன்தான் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். "உன்ட எழுத்துத்தான் வடிவு, நீ எழுது மகள்" என்று அப்பா சொன்னபடியால் எழுதுகிறேன்.

யதுர்ஷனுக்கு இன்று காலை முதல் காய்ச்சல். ஆகவே அவனுக்கு ஒரு நாள் விடுமுறை தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ள இரண்டு வசனங்களையும் தயவுசெய்து பென்சிலால் எழுதியதாகவே கருதவும். அம்மா அவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை. நடந்தது இதுதான். அப்பா இரவு முழுவதும் வாவியில் வலை போட்டுவிட்டு ஆறு மணிக்குத் தோணியைக் கட்டி, ஈரக் கையோடு வந்து தம்பியின் நெற்றியைத் தொட்டார். "ஐயோ, புள்ள நெருப்பாக் கொதிக்கான்!" என்றார். உடனே அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்து அதே நெற்றியைத் தொட்டு, "எங்க கொதிக்கான்? மீன் மாதிரிக் குளிர்ந்து கிடக்கான். நீங்க போய்ப் படுங்க" என்றார். ரீச்சர், எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயும் என்று இருக்கிறது. குளிர்ந்த கைக்கு எல்லா நெற்றியும் சுடும், சுட்ட கைக்கு எல்லா நெற்றியும் குளிரும். இதை நான் புத்தகத்தை விரித்தே விளக்கினேன். "அப்ப என்ட கை பொய் சொல்லுதோ?" என்று அப்பா கேட்டார். "ரெண்டு புள்ள வளர்த்த கையை இவ புத்தகம் பார்த்துத் திருத்துறா" என்று அம்மா சொன்னார். இருந்தாலும் இருவரும் நல்லவர்கள். என் சொல்லைக் கேட்டு அப்பா அடுப்படியில் கையைச் சூடு காட்டினார், அம்மா கிணற்றடியில் கையைக் கழுவினார். திரும்பி வந்து தொட்டதும் அப்பா, "காய்ச்சலே இல்லையே, ஆரு சொன்ன?" என்றார். அம்மா, "கடவுளே, கொதிக்குதே!" என்றார். ஆளுக்காள் கட்சி மாறினார்களே தவிர வாக்குவாதம் அப்படியே இருந்தது.

ஆகவே அவனுக்குக் காய்ச்சல் இருக்கலாம். மற்ற அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். வலது மூக்கு ஒழுகுகிறது, இடது மூக்கு சுகம். இதுவரை நான்கு தும்மல். அதில் ஒன்று வேண்டுமென்றே தும்மியது போல் இருந்ததால் மூன்றரை என்று வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை மாமியிடம் காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. மகன் கட்டாரிலிருந்து அனுப்பியது. அதை வாங்கிவந்து தம்பியின் கமக்கட்டில் வைத்தோம். தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. அது காய்ச்சலா என்று மாமியிடம் கேட்டேன். "அது எல்லாருக்கும் தொண்ணூற்றொன்பதுதான் காட்டும் கா. வந்த நாளில இருந்து எனக்கும் அதுதான்" என்றார். சந்தேகம் தீர எனக்கும் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பது. அம்மாவுக்கும் அதுவே. அப்பா மட்டும் சம்மதிக்கவில்லை, "எனக்கும் இருந்தா ஆரு நாளைக்குத் தோணி தள்ளுற?" என்று விலகிக்கொண்டார்.

கடைசியில் நோயாளியையே கேட்டேன். "எனக்கு மூக்குக்கு மட்டுந்தான் சுகமில்ல. நான் சுகம்" என்றான். பள்ளிக்குப் போக அவ்வளவு ஆசையா என்று கேட்டதற்கு, "இண்டைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முட்டை" என்றான். சாட்சி நம்பத்தகாதவர் ஆகிவிட்டார்.

ரீச்சர், இனித்தான் நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று வலய மட்ட விவாதப் போட்டி. நான்தான் முதற் பேச்சாளர். எங்களை ஏற்றிப்போகும் வான் வண்டி பாடசாலையிலிருந்து ஏழரைக்குப் புறப்படும். தம்பி வீட்டில் நின்றால் நானும் நிற்க வேண்டும். அம்மா காத்தான்குடியில் ஸாலிஹா ராத்தாவின் தையற்கடைக்குப் போகிறவர். நாளைக்கு ஒரு கலியாணம், உடுப்பு முடியவில்லை என்று ராத்தா விடியமுன்னமே இரண்டு தரம் போனில் எடுத்துவிட்டார். அப்பா படுத்தால் வீட்டுக்கூரை பறந்தாலும் எழும்பமாட்டார். நான் இல்லாவிட்டால் மாற்றுப் பேச்சாளரான நிலோஜன் பேசுவான். அவன் நன்றாகப் பேசுவான். அதுதான் எனக்குக் கவலை.

இப்போது என் நிலை விளங்கும். அப்பாவும் அம்மாவும் தொட்ட பிறகு நானும் தம்பியின் நெற்றியைத் தொட்டேன். சாதாரணமாகத்தான் இருந்தது. உடனே எனக்குப் பயம் வந்துவிட்டது. என் கை வாவியிலும் நனையவில்லை, அடுப்பிலும் சுடவில்லை, ஆனால் அதற்கு வானில் ஏற வேண்டும். அப்படியான கையை எப்படி நம்புவது? விவாதப் பயிற்சியில் எந்தப் பக்கம் தந்தாலும் பேசப் பழக்கியிருக்கிறார்கள். அவன் பள்ளிக்குப் போகலாம் என்று எனக்குள்ளே மூன்று நிமிடம் பேசினேன், நம்பிவிட்டேன். போகக்கூடாது என்று மூன்று நிமிடம் பேசினேன், அதையும் நம்பிவிட்டேன். மணி அடிக்கத்தான் ஆளில்லை.

அம்மா பஸ்ஸுக்கு ஓடும்போது வாசலில் நின்று, "நீ பெரிய புள்ள, யோசிச்சுச் செய் கிளி" என்று சொல்லிவிட்டுப் போனார். யோசிக்காமல் செய் என்று சொல்லியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

நீண்ட யோசனைக்குப் பின் முடிவு செய்துவிட்டேன். நான் ஆசைப்படாத பக்கம்தான் சரியான பக்கமாக இருக்கும். போட்டி அடுத்த வருடமும் வரும். தம்பி வீட்டில் நிற்கட்டும், நான் அவனோடு நிற்கிறேன், கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறேன். எனவே செல்வன் உ. யதுர்ஷன் இன்று பாடசாலைக்குச் சமுகமளிக்கமாட்டான் என்பதைத் திடமாக அறியத் தருகிறேன்.

தங்களுக்கும் தங்கள் வகுப்புக்கும் தடிமனும் காய்ச்சலும் அணுகாதிருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
உ. தனுஷியா
(தந்தை உதயரூபனுக்காக. அவர் நித்திரை.)

பி.கு: கொத்தமல்லியைக் கொண்டுபோய்ப் பார்த்தால் பாயில் தம்பி இல்லை. கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையும் இல்லை. வேலியால் எட்டிப் பார்த்து மாமி சொன்னார்: "அவன் ஏழு மணிக்கே பள்ளி ஓட்டோவில ஏறிப் போயிட்டான் கா. நீ மும்முரமா எழுதிக்கிட்டு இருந்தாய், குழப்பக்கூடாதெண்டு நான் கூப்பிடல்ல." இப்போது மணி ஏழு ஐம்பது. வான் போய்விட்டது. சுகமில்லாத பிள்ளை பள்ளியில் இருக்கிறான், அவனைப் பார்க்க நின்ற நான் வீட்டில் இருக்கிறேன். ஆகவே இக்கடிதத்தை இல்லாததாகக் கருதி, முப்பத்தொரு பேர் என்றே வைத்துக்கொள்ளவும். அவன் நெற்றியை ஒருதரம் தொட்டுப் பாருங்கள், தங்கள் கை என்ன சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வேன். இதையும் எடுத்துக்கொண்டு நான் சைக்கிளில் வருகிறேன். பிந்தி வந்ததற்கு என் வகுப்பாசிரியரிடம் கொடுக்க எனக்கு ஒரு கடிதம் தேவைப்படும். தாங்கள் எழுதித் தருவீர்களா? இரண்டு வரி போதும்.