ஏரி நடுவில் ஒட்டிய இதயம்

அழகுணர்ச்சி எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வியாதியாகத்தான் சொல்கிறேன். (டாக்டரிடம் காட்டவில்லை. தேவையானதை வீட்டிலேயே தினமும் சொல்லிவிடுகிறார்கள்.)

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை. நாளெல்லாம் வெளிநாட்டுக்காரனிடம் "நீங்கள் கேட்ட பிரவுன் இதுதான்" என்று மெயிலில் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் மனசுக்கு ஓர் ஆறுதல் வேண்டாமா? அப்படித்தான் போனில் வீடியோ பார்த்து ஜர்னலிங்கில் இறங்கினேன். ஒன்றுமில்லை, நோட்டில் காய்ந்த பூ, பஸ் டிக்கெட், முக்கியமாகப் பழைய மேப்புத் துண்டுகளை ஒட்டி, ஓரத்தில் இரண்டு வரி எழுதுவது.

"எழுதற நோட்டுல ஏண்டி ஒட்டற?" என்று அம்மா கேட்டாள். பாவம், அம்மாவுக்கு விண்டேஜ் புரியாது என்று மன்னித்துவிட்டேன்.

வேலூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்தப் பொக்கிஷம் மாட்டியது. ஏதோ பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய வட ஆற்காடு ஜில்லா மேப். ஓரமெல்லாம் பழுத்து, ஆறும் ஏரியும் நீலநீலமாக. தம்பி சதீஷின் நிச்சயதார்த்தப் பத்திரிகை அந்தக் கடை வாசலிலேயே என் மண்டைக்குள் தயாராகிவிட்டது.

அப்பா ஏற்கெனவே பிரஸ்ஸில் பேசி வைத்திருந்தார். "கீழ ஒரு கியூஆர் கோடு போட்டுடலாம் மேடம். ஸ்கேன் பண்ணா நேரா மண்டபத்துல கொண்டுபோய் வுட்டுடும்" என்றார் பிரஸ்காரர். பத்திரிகையில் சோப்பு டப்பா மாதிரி கட்டம் போடுவதா? அன்றே ஆர்டரை ரத்து செய்தேன்.

மேப்பைத் துண்டு துண்டாக வெட்டினேன். பழைய மேப்பை இன்னும் பழசாக்க டீத்தண்ணீரில் முக்கினேன். (அறிவு அந்த லெவல்.) ஓரங்களை மெழுகுவர்த்தியில் கருக்கி, அட்டையில் ஒட்டி, அதன்மேல் நிப் பேனாவால் கொடி சுற்றிய எழுத்தில் விவரமெல்லாம் எழுதினேன். கடைசியாக ஒவ்வொன்றிலும் சிவப்பில் ஒரு குட்டி இதயம். எங்கே ஒட்டினால் கண்ணுக்கு அழகோ, அங்கே. பெண் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கலைப்படைப்பு; மற்றவர்களுக்கு வாட்ஸ்ஆப்.

முதலில் எங்கள் வீட்டில் நடக்கவிருந்த விசேஷம், பத்திரிகைக்கு முன்பே மண்டபத்துக்கு மாறியிருந்தது. நாளும் நேரமும் எல்லோருக்கும் தெரியும். இடம் எது என்று கேட்டவர்களிடம், "பத்திரிகைல போட்டிருக்கு" என்றார் அப்பா. என்னை நம்பி.

ஒரு சின்ன விஷயம் என் கலைக்கண்ணில் படவில்லை. நம் ஊரில் பத்திரிகையில் மேப் இருந்தால் அது ரூட் மேப். அதில் சிவப்பாக ஏதாவது இருந்தால் அது மண்டபம்.

நிச்சயதார்த்தத்தன்று காலை, பெண் தீபாவும் அவள் அப்பா அம்மாவும் காவேரிப்பாக்கத்திலிருந்து ஆம்பூர் மண்டபத்துக்கு வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். (வேன் டிரைவருக்கு நான் பத்திரிகை கொடுக்கவில்லை.) அவர்கள் பக்கத்துப் பெரியவர்களைத்தான் காணோம். முக்கியமாக, தீபாவின் தாய்மாமன் குமரேசன். அவர் வந்து மாலை போட்டால்தான் பெண் மணையில் உட்காருவாள்.

முதல் போன் தீபாவின் பெரியம்மாவிடமிருந்து. "திருப்பத்தூர்ல நிக்கறோம்மா. ஹார்ட்டு இங்கதான் இருக்குது. ஆனா இங்க ஒரு உரக்கடைதான் கீது."

உடனே குமரேசன் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"நான் ஸ்பாட்டுக்கு எப்பவோ வந்துட்டேன். இன்னாம்மா, ஒருத்தரையும் காணோம்? பந்தல்கூட போடல?"

"எந்த ஸ்பாட்டு மாமா?"

"எங்க ஊரு காவேரிப்பாக்கம் ஏரிதான். கரை மேல நிக்கறேன். உங்க ஹார்ட்டு நடுத்தண்ணில கீது. படகு கிடகு அனுப்புவீங்களா?"

பெண் ஊரிலேயே விசேஷத்தை வைத்த நல்ல மனிதர்கள் என்று எங்களைத் தெருவெல்லாம் புகழ்ந்துவிட்டு, பட்டு வேட்டியில் குடும்பத்தோடு நின்றிருக்கிறார் மனுஷன். அங்கிருந்து ஆம்பூர் வருவதற்குள் ராகு காலமே வந்துவிடும்.

"எங்கண்ணன் வராம தட்டு மாத்த வுட மாட்டேன்" என்று தீபாவின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வேணும்னே அலைய வுடறாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. சதீஷ் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அக்கா, நான் கல்யாணம் பண்ணிக்கறதுல உனக்கு நெஜமாவே இஷ்டமா?"

அந்தக் கேள்வியில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேறு வழியில்லாமல் பந்தி முதலில் போட்டாயிற்று. நிச்சயமே ஆகாத நிச்சயதார்த்தத்துக்கு எல்லோரும் பாயசம் குடித்தார்கள். ராகு காலம் வந்து, போயும் போனது. பிறகுதான் மாமா வந்தார், கையில் என் பத்திரிகையோடு.

"இந்தாம்மா. இத நீயே கொஞ்சம் படி."

வாங்கினேன். முதல் வார்த்தை 'ஆம்பூர்'. எழுதியவள் என்பதால் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது பூசணிக்கொடி. இரண்டாவது வார்த்தையில் நானே மாட்டிக்கொண்டேன்.

"உம், படி."

"மாமா... இது... மகாலா, மண்டபமான்னு..."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

களுக்கென்று முதலில் சிரித்தது தீபா. அப்புறம் அவள் அம்மா. அப்புறம் மாமாவே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "படிச்ச பொண்ணுன்னு சொன்னாங்க, எழுதத் தெரியுமான்னு நாங்க கேக்கல" என்று மாலையை எடுத்தார். தட்டு மாறியது. நான் மேடைக்குப் பின்னால் போய் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று நினைவில்லை.

ஜவ்வாது மலை உச்சியில் இதயம் ஒட்டிய பத்திரிகை யாருக்குப் போனது என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. அவர்கள் பத்திரமாக இறங்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் சதீஷின் மகளுக்குக் காது குத்து. பத்திரிகை எழுத என்னை யாரும் கூப்பிடவில்லை. அச்சாகி வந்ததும் குமரேசன் மாமாதான் சத்தமாகப் படித்துக் காட்டினார், இரண்டு முறை. கடைசி வரி குழந்தை சொல்வதுபோல் இருந்தது:

"வழி தெரியலன்னா யார வேணா கேளுங்க. எங்க அத்தைய மட்டும் கேக்காதீங்க."